மங்கல வாத்தியங்களும் மரத்தின் ஈரமும்

சைவ ஆலயங்களிலே நித்திய பூசை தொடக்கம் மகோற்சவம் ஈறாக நடைபெறும் கிரியைகள் யாவற்றிலும் மங்கல இசைக்கென்று தனியிடம் உண்டு. திருப்பள்ளியெழுச்சி வேளையில் அடியார்களைத் துயிலெழுப்புவதும், கொடியேறும் கணத்தைத் தூரத்து வீடுகளுக்கும் அறிவிப்பதும், எம்பெருமான் வீதியுலா வரும்போது முன்னே செல்வதும் நாதஸ்வரமும் தவிலுமே. அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்கள் இக்கலையினாலேயே ஈழத்துக்கு வெளியிலும் பெயர் பெற்றன. நாதஸ்வர மேதை அளவெட்டி என். கே. பத்மநாதன், தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தட்சிணாமூர்த்தி ஆகியோரின் வாசிப்பை நேரிற் கேட்டவர்கள் இன்றும் அதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்வர்.

வாசிப்பைப் பற்றிப் பேசுவோர் பலர். வாசிக்கப்படும் மரத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இரவுத் திருவிழா முடிந்ததும் அந்த வாத்தியம் எங்கே வைக்கப்படுகின்றது, எந்தச் சூட்டில் கிடக்கின்றது, மழைக்காலத்தில் அதற்கு என்ன நேர்கின்றது என்பன ஆலயத்தாரின் கவனத்துக்கு வருவதில்லை. அது கலைஞருடைய சொந்தப் பொருள், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகின்றோம். ஆனால் சில ஆலயங்கள் பிள்ளைகள் பழகுவதற்கென்று தாமே வாத்தியம் வாங்கி வைத்திருக்கின்றன. அவற்றின் பொறுப்பு முற்றாக ஆலயத்தையே சாரும். கலைஞருடைய வாத்தியமும் ஆலய வீதியிலே இருக்கும் பொழுதெல்லாம் ஆலயத்தின் பொறுப்பில் இருப்பதாகவே கொள்ளல் வேண்டும்.

மரமும் அதன் அருமையும்

நாதஸ்வரத்தின் நீண்ட குழற் பகுதியை உலவு என்றும், அடியில் விரிந்திருக்கும் பகுதியை அனசு என்றும் கூறுவர். உலவின் தலையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய் பொருத்தப்பட, அதன்மேல் நாணலினாற் செய்யப்பட்ட சீவாளி அமர்கின்றது. உலவு செய்வதற்கு ஆச்சா மரமே தொன்றுதொட்டுச் சிறந்ததாகக் கருதப்படுகின்றது. தமிழ்நாட்டிலே கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டை என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை அவர்களும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாரும் கூடி ஆராய்ந்தே இன்று பெருவழக்கிலுள்ள நீண்ட பாரி நாதஸ்வரத்தை உருவாக்கினர். 2022 ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அவ்வூர்த் தச்சர்கள் புதிதாக வெட்டிய மரத்தை எடுப்பதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம், வளை முதலியவற்றைத் தேடி வாங்குகின்றனர். எழுபது, எண்பது ஆண்டுகள் கூரையின் கீழிருந்து வெயில் காலத்தையும் மழைக் காலத்தையும் மாறி மாறிக் கண்டு, இனி வளைவதற்கோ முறுகுவதற்கோ இடமில்லாத மரமே குழலுக்கு உகந்தது. இப்பொழுது அத்தகைய வீடுகளும் அருகிவிட்டன, அத்தொழில் செய்யும் குடும்பங்களும் குறைந்துவிட்டன. வெடித்துப்போன நல்லதொரு உலவுக்கு ஈடாக இன்னொன்றைப் பணங்கொடுத்து உடனே வாங்கிவிடலாம் என்பது நடவாத காரியம்.

மேலைத்தேயத்துக் கிளரினெற் வாத்தியத்தின் கதையும் இதனோடு ஒத்ததே. 1700 ஆம் ஆண்டை அண்டி ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரிலே தோன்றிய அக்கருவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிகளின் வழியாகத் தமிழர் இசைக்குள் புகுந்தது. பின்னாளில் ஏ. கே. சி. நடராஜன் அவர்கள் அதிலே முழுக் கச்சேரி செய்து, 2008 ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்றார். நல்ல கிளரினெற்றுகள் தன்சானியா, மொசாம்பிக் முதலிய நாடுகளில் வளரும் ஆபிரிக்கக் கருமரத்தாற் செய்யப்படுகின்றன. ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த அம்மரம் தண்ணீரிலே போட்டால் தாழ்ந்துவிடும் அளவுக்குப் பாரமானது. அவ்வளவு வைரமான மரமும் வெடிக்கின்றது. அதனால் அந்நாட்டவர் கிளரினெற் பெட்டிக்குள் ஈரத்தைச் சமநிலையில் வைத்திருக்கும் முறைகளைப் பல காலமாக ஆராய்ந்து எழுதி வைத்துள்ளனர். அவற்றுட் பல நாதஸ்வரத்துக்கும் பொருந்தும். சில இந்நாட்டுக்குப் பொருந்தா. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதிலேதான் கவனம் தேவை.

வெடிப்பு எவ்வாறு உண்டாகின்றது?

மரம் வெட்டுண்ட பின்பும் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதன் 80 வீதமாக நீடிக்குமிடத்தில் உலர்ந்த மரம் 100 பங்கு நிறைக்கு ஏறத்தாழ 16 பங்கு நீரை வைத்திருக்கும். ஈரப்பதன் 30 வீதமாகக் குறையுமிடத்தில் அந்த நீர் 6 பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நீர் குறையும்போது மரம் சுருங்கும், கூடும்போது உப்பும். நீளப்பாட்டில் இம்மாற்றம் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறியது. குறுக்குப்பாட்டிலேதான் அது தெரியும். அதிலும் வளையங்களின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையிற் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இதனால் வட்டமாகக் கடைந்த துளை காலப்போக்கில் நீள்வட்டமாக மாறுவதும் உண்டு. பழைய குழலொன்றில் சுருதி சேரவில்லை என்று கலைஞர் சொன்னால் அது வெறும் சாட்டு அன்று.

மரம் முழுவதும் ஒரே சீராக உப்பினாலோ சுருங்கினாலோ வெடிப்பு ஏற்படாது. ஒரு பக்கம் உப்ப, மறு பக்கம் அப்படியே இருக்கும்போதுதான் ஆபத்து. ஊதுபவரின் மூச்சு சூடானது, ஈரம் நிறைந்தது. அது குழலினுள்ளே பட்டு நீர்த்துளியாகப் படிகின்றது. உட்சுவர் அந்நீரைக் குடித்து உப்புகின்றது. வெளிப்புறமோ காய்ந்தபடியே இருக்கின்றது. உள்ளே இருப்பது வெளியே தள்ள, வெளியே இருப்பது இடங்கொடாமல் இழுபட, ஈற்றில் மரத்தின் நார் போகும் வழியே மயிர் போன்ற ஒரு கீறல் விழுகின்றது. நாள்தோறும் வாசிக்கப்படும் குழலில் இது எளிதில் நேராது. உள்ளும் புறமும் ஓரளவு ஈரத்துக்குப் பழகியிருக்கும். ஆண்டு முழுவதும் பெட்டியிற் கிடந்துவிட்டு ஒரே நாளில் மணிக்கணக்காக வாசிக்கப்படும் குழலே பெரும்பாலும் பிளக்கின்றது.

கிராம ஆலயங்களில் நடப்பது இதுதான் என்பதை இங்கு சொல்லாமல் விட முடியாது. ஆலயத்துக்குச் சொந்தமான குழல் சென்ற வருடத் தீர்த்தத்தோடு பெட்டிக்குள் போயிருக்கும். இவ்வருடக் கொடியேற்றத்தன்று அதிகாலையில் வெளியே வரும். அன்றே நான்கு மணித்தியாலம் வாசிக்கப்படும், அதுவும் சோழகம் அடிக்கும் வெளிவீதியிலே. உள்ளே மூச்சின் ஈரம், வெளியே சோழகக் காற்றும் வெயிலும். இதைவிடக் கெட்ட சேர்க்கையை ஒருவர் வேண்டுமென்று ஏற்படுத்த முடியாது.

பரிகாரம் எளிது. கொடியேற்றத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே குழலை வெளியே எடுத்து, முதல் வாரம் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களும், அடுத்த வாரம் அரை மணித்தியாலமும், பின்னர் சற்றுக் கூடுதலாகவும் வாசித்துப் பழக்க வேண்டும். புதிதாக வாங்கிய குழலுக்கும் இதே முறைதான். கிளரினெற் வாசிப்போரும் புதுக் கருவியை இவ்வாறே பழக்குவர். பயிலும் பிள்ளை ஒருவர் ஊரில் இருந்தால் அவரைக் கொண்டே இதனைச் செய்விக்கலாம். பிள்ளைக்கும் பயிற்சி, குழலுக்கும் பயிற்சி.

வாசித்து முடிந்தவுடன்

வாசித்து முடிந்ததும் சீவாளியைக் கழற்றி, நூலிற் கட்டிய மெல்லிய பருத்தித் துணியைக் குழலினூடாக இழுத்து உட்புற ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். நாதஸ்வரத்தின் துளை மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து செல்வதால், துணியை அனசுப் பக்கத்திலிருந்து நுழைத்து மேலே இழுப்பது சுலபம். துணி தடித்தால் ஒடுங்கிய இடத்தில் இறுகிவிடும். பழைய வேட்டித் துணி இதற்கு நல்லது. கெண்டை பொருந்தும் இடத்திலேதான் நீர் அதிகம் தங்கும், அவ்விடத்தைத் தனியே துடைக்க வேண்டும். துடைத்த துணியைக் குழலோடு சேர்த்துப் பெட்டியில் வைப்பது பலரிடம் காணப்படும் வழக்கம். அது தவறு. துணி காய்ந்த பின்னரே பெட்டிக்குள் போகலாம்.

சீவாளியின் இயல்பு வேறு. வாசிக்கும் முன் அது வாயின் ஈரத்தில் நனைந்து இளக வேண்டும், வாசித்த பின் நன்றாக உலர வேண்டும். ஈரத்தோடு தகரப் பேணியில் அடைத்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். கலைஞர்கள் மாற்றுச் சீவாளிகளையும் குத்தூசியையும் குழலிலே தொங்கவிடுவது அழகுக்காக மட்டுமன்று. காற்றுப்பட்டுக் காய்வதற்கும் அதுவே வழி. பூச்சி வராமலிருக்கப் பெட்டியில் நப்தலின் உருண்டை போடுவோரும் உளர். வாயில் வைக்கும் பொருள் இருக்குமிடத்தில் அந்த நஞ்சை வைத்தல் ஆகாது.

எண்ணெய் பூசுவது பற்றி மாறுபட்ட கருத்துகள் உள்ளன. எண்ணெய் ஈரத்துக்கு ஈடன்று. காய்ந்த மரத்துக்கு எண்ணெய் வார்த்தால் அது நீர் குடித்ததாகிவிடாது. ஈரம் வேகமாக உட்புகுவதையும் வெளியேறுவதையும் சற்றே தாமதப்படுத்துவதுதான் எண்ணெயின் பயன். அதற்கு மிக மெல்லிய பூச்சு போதும். சமையல் எண்ணெய்களைத் தாராளமாகப் பூசினால் அவை காறிப்போய்ப் பிசுபிசுக்கும். அதன்மேல் கர்ப்பூரப் புகையும் திருநீறும் தூசியும் படிந்து துளைகளை ஒடுக்கிவிடும். ஆலயத்தில் வாசிக்கப்படும் குழலுக்கு இது சாதாரண விடயம் அன்று.

இங்குள்ள காற்றும் அங்குள்ள காற்றும்

மேலைத்தேயத்துக் கிளரினெற் நூல்கள் பெட்டிக்குள் ஈரப்பதன் 40 முதல் 60 வீதம் வரை இருக்க வேண்டும் என்று கூறி, ஈரமூட்டும் சாதனங்களை வைக்கும்படி அறிவுறுத்துகின்றன. பழைய காலத்தில் அங்கு தோடம்பழத் தோலைப் பெட்டியில் வைக்கும் வழக்கமும் இருந்தது. இதனைக் கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்தில் எவரும் செய்தல் கூடாது. கடல் சூழ்ந்த இக்குடாநாட்டில் காற்றின் ஈரம் கோடையிலும் அவ்வளவு குறைவதில்லை. வாடைக்காற்றோடு மாரி தொடங்கிவிட்டால் 80 வீதத்தையும் தாண்டிவிடும். இங்கு தோடம்பழத் தோலை வைத்தால் எறும்பும் பூஞ்சணமும்தான் வந்து சேரும்.

குளிர்நாடுகளில் நிலைமை நேர்மாறானது. ஒரு கன மீற்றர் காற்று 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம் தாங்கும். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையிலோ 2 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும். அந்தக் குளிர்ந்த காற்று வீட்டுக்குள் வந்து 20 பாகைக்குச் சூடாக்கப்படும்போது, அதிலுள்ள நீர் அதே 2 கிராம்தான். தாங்கக்கூடிய 17 கிராமில் அது 12 வீதம் அளவே. சமையல், குளியல், ஆட்களின் மூச்சு என்பவற்றால் இது சிறிது கூடும். ஆயினும் பனிக்காலத்துக் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் சூடாக்கப்பட்ட மண்டபங்கள் ஒரு மரக்கருவிக்குப் பாலைவனம் போன்றவையே.

இது கிராம மக்களுக்குத் தொடர்பில்லாத செய்தி போலத் தோன்றலாம். ஆனால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் ஈழத்துச் சைவர்கள் ஆலயங்கள் அமைத்துள்ளனர். இங்கிருந்து கலைஞர்கள் அழைக்கப்படுகின்றனர், குழல்களும் அனுப்பப்படுகின்றன. மகோற்சவங்கள் அங்கே பெரும்பாலும் கோடையில் நடப்பதால் ஆபத்துக் குறைவு. திருவெம்பாவை, தைப்பூசம், மகா சிவராத்திரி ஆகியனவோ கடும் பனிக்காலத்தில் வருவன. இங்கே 16 பங்கு நீரோடு பழகிய குழல், ஒரே நாள் விமானப் பயணத்தில் 6 பங்கு மட்டும் தங்கக்கூடிய காற்றுக்குப் போய்விடுகின்றது. விமானத்தினுள்ளே ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு செல்லும் குழலை உறையிட்டு, இறுகப் பூட்டும் பெட்டியில் வைத்து, பெட்டியையும் பொலித்தீனாற் சுற்றிக் கொண்டுசெல்வது நல்லது. போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்காமல் சில மணித்தியாலம் பெட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும். குளிர்ந்த குழலைச் சூடான காற்றிலே திறந்தால் அதன்மேல் நீர் வியர்க்கும். தங்கியிருக்கும் காலம் முழுவதும், துளையிட்ட சவர்க்காரப் பெட்டி ஒன்றினுள் நன்றாகப் பிழிந்த பஞ்சை வைத்து, அது மரத்திற் படாதவாறு வாத்தியப் பெட்டியின் மூலையில் வைக்கலாம். பஞ்சை ஆறவைத்த கொதிநீரில் நனைத்து, சில நாளுக்கொரு முறை கழுவ வேண்டும். ஈரம் குறைந்தாற் கொடுப்பதும் கூடினால் எடுப்பதுமான சிறு பொதிகள் இப்பொழுது அங்குள்ள இசைக்கருவிக் கடைகளில் விற்பனையாகின்றன. அவை பஞ்சைவிடப் பாதுகாப்பானவை. புறப்படும் முன்பு உறவினரிடம் சொல்லி ஒன்றிரண்டு வாங்கி வைப்பித்தாற் போதும்.

பெட்டிக்குள் உள்ள ஈரத்தை அறியச் சிறிய ஈரமானிகளும் கிடைக்கின்றன. விலை அதிகமில்லை. ஆனால் அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு போத்தல் மூடியில் தூள் உப்பைப் போட்டுச் சில துளி நீர் விட்டுக் களியாக்கி, அதனையும் ஈரமானியையும் ஒரு பொலித்தீன் பையில் வைத்துக் காற்றுப் புகாமற் கட்டி, ஓர் இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டும். உப்பு களியாகவே இருக்க வேண்டும், கரைந்து நீராகிவிடக் கூடாது. பைக்குள் ஈரப்பதன் 75 வீதத்தில் வந்து நிற்கும். மானி 70 என்று காட்டினால் அது எப்பொழுதும் 5 குறைத்தே காட்டுகின்றது என்று பெட்டி மூடியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகளுக்கு இது நல்லதொரு செய்முறையும் ஆகும்.

ஆலயத்தார் கவனிக்க வேண்டியவை

பூசைக்கு மேளம் ஐந்து நிமிடம் பிந்தினால் குறை சொல்லப் பலர் முன்வருவர். பெட்டி வைப்பதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. பல ஆலயங்களில் வாத்தியப் பெட்டிகள் வாகனசாலையில் தகரக் கூரையின் கீழும், மடைப்பள்ளிச் சுவரோரமும், சில வேளை மோட்டார் சைக்கிளின் மேலும் கிடப்பதைக் காணலாம். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் ஏறும் சூடு சொல்லி மாளாது. மடைப்பள்ளியருகே ஒரு பக்கம் அடுப்பின் வெக்கை, மறு பக்கம் நீராவி. வெயிலில் நிறுத்திய வானுக்குள் விட்டுச் செல்லும் பெட்டியின் நிலையும் அதுதான். நாதஸ்வரத்தின் கீழ்ப்பகுதித் துளைகளில் சுருதிக்காக அடைத்திருக்கும் மெழுகு இளகி வழிந்திருந்தால் அக்குழல் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வசந்த மண்டபத்தின் பக்கமாக வெயில் படாத உட்சுவரில், நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு மரத்தட்டு அடித்தாற் போதும். சீமெந்து நிலத்தில் நேரே வைத்தால் மாரியில் அடிப்பக்கம் ஈரமூறும். தட்டின் பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குலம் விட்டால் காற்று ஓடும். யாக காலத்தில் ஓமகுண்டத்துக்கு அருகே கலைஞர்களை அமர்த்துவதையும் சிறிது யோசிக்க வேண்டும். நாலடி தள்ளி அமர்ந்தாலும் இசை இறைவனுக்குக் கேட்கும்.

தவிலைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. அதன் கொட்டு பலாமரத்தாலானது. பலாமரம் எளிதில் வெடிப்பதில்லை. அங்கே தொல்லை தருவது தோல். காய்ந்தால் இறுகிக் கிழியும், ஈரங்கண்டால் தொய்ந்து ஓசை இழக்கும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் விடக்கூடாது. திருவிழா முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். மழை நாளில் தொய்ந்த தோலை நெருப்பில் வாட்டி அவசரமாக இறுக்குவது ஒரு பூசைக்கு உதவும், தோலின் ஆயுளைக் குறைக்கும்.

உலவில் கீறல் கண்டால் வாசிப்பதை அக்கணமே நிறுத்த வேண்டும். தொடர்ந்து வாசித்தால் கீறல் துளைகளை நோக்கி ஓடும். நூலை வரிந்து கட்டுவது கீறல் மேலும் பிளவாமல் காக்கும் தற்காலிக ஏற்பாடே. கடையில் வாங்கிய பசையைத் தாமே ஊற்றிவிட்டால் பின்னர் அறிந்தவரும் திருத்த முடியாமற் போகலாம். தளபாடம் செய்யும் தச்சரிடம் கொடாமல் குழல் வேலை தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

தீர்த்தம் முடிந்து குழலை அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்கும் நாளில், ஒரு நாள் முழுவதும் நிழலிற் காயவிட்டு, கெண்டையையும் அனசையும் கழற்றித் துடைத்து, பருத்தி உறையிலிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதிகளைக் கைநிறையப் போட்டுப் பெட்டியை இறுக மூடுவது மரத்தை அளவுக்கு மீறி உலர்த்திவிடும். மாரியில் ஒரு சிறு பொதி போதும், தையில் அதனை எடுத்துவிடலாம். மாதத்துக்கொரு முறை, பறுவ நாளிலோ சதுர்த்தியிலோ, திறப்பு வைத்திருப்பவர் பெட்டியைத் திறந்து அரை மணித்தியாலம் காற்றாட விட்டு, பயிலும் பிள்ளையைக் கொண்டு இரண்டு கீர்த்தனை வாசிப்பித்து, துடைத்து, மீண்டும் பூட்டி, திகதியைப் பெட்டியினுள்ளே ஒட்டிய தாளிற் குறித்துவிட வேண்டும்.